சீரகம் மஞ்சளான கதை

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலில், குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்பும் நேரத்தில் சிறுவன் அப்புவின் கையில் ஒரு பொருள் அகப்படுகிறது. யார் கண்ணிலும் படாத உயரத்தில் அவன் அக்கா துர்கா ஒளித்து வைத்திருந்த சின்னத் தங்கக் குங்குமச் சிமிழ். அது காணாமல் போனபோது பழி அவள்மேல்தான் விழுந்தது. அவள் எடுக்கவில்லை என்றே சாதித்தாள். இப்போது துர்கா உயிரோடு இல்லை. அப்பு அந்தச் சிமிழை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மூங்கில் புதருக்குள் வீசி எறிந்துவிடுகிறான். அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை.

1955இல் வந்த சத்யஜித் ரேயின் படத்தில் இந்தச் சிமிழ் கிடையாது. அதற்குப் பதில் ஒரு பாசிமணி மாலை. மூங்கில் புதருக்குப் பதில் ஒரு குளம்.

நான் ஆர். சண்முகசுந்தரத்தின் தமிழாக்கத்தில் நாவலைப் படித்துவிட்டுத்தான் படத்தைப் பார்த்தேன். சிமிழுக்காகக் காத்திருந்தவளுக்கு மாலை வந்தது. ஏன் மாற்றினார் என்று அன்றைக்குத் தொடங்கிய யோசனை இன்றுவரை விடவில்லை. கதையின் முடிவை மாற்றினால் ஏன் என்று ஊரே கேட்கும். ஒரு சிமிழை மாலையாக மாற்றினால் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் “சின்ன விஷயம்தானே” என்று பதில் வரும். சின்ன விஷயம் என்றால் அப்படியே விட்டிருக்கலாமே? வேலை மெனக்கெட்டு மாற்றியிருக்கிறார் என்றால் அங்கே ஏதோ இடித்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அந்த மாற்றத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். நாவலில் துர்காவின்மேல் இரண்டு முறை திருட்டுப் பழி வருகிறது. ஒருமுறை பாசிமணி மாலைக்காக, இன்னொரு முறை தங்கச் சிமிழுக்காக. நாவல் படிக்கிறவருக்கு நாள் கணக்கில் அவகாசம் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்வார், மறந்தால் பக்கத்தைப் பின்னால் புரட்டிக்கொள்வார். படம் பார்க்கிறவருக்கு இருப்பது இரண்டு மணி நேரம்தான். முதல் பாதியில் பார்த்த பொருளைக் கடைசியில் ஒரே நொடியில் அடையாளம் கண்டாக வேண்டும். அதனால் இரண்டு பழியும் ஒன்றாகிவிட்டது, பொருளும் ஒன்றாகிவிட்டது. அப்புறம், கறுப்பு வெள்ளைப் படத்தில் தங்கம் தங்கமாகத் தெரியாது. ஒரு சிறுவனின் உள்ளங்கைக்குள் இருக்கும் சிமிழ் ஏதோ டப்பா மாதிரிதான் இருக்கும். மாலையோ விரலிலிருந்து தொங்கும். எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் அது மாலைதான்.

இதெல்லாம் வசதிக்கான காரணங்கள். பெரிய காரணம் குளத்தில் இருக்கிறது. அப்பு இதை யாருக்கும் சொல்லவே இல்லை என்று நாவலாசிரியர் நேரடியாக எழுதிவிட முடிகிறது. ‘சொல்லவே இல்லை’ என்பதை எப்படிப் படம் பிடிப்பது? ஒருவன் ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்பதற்குக் காட்சியே கிடையாது. ரே என்ன செய்தார் என்றால், மாலை தண்ணீரில் விழுந்த இடத்தில் குளத்தை மூடியிருந்த பச்சை விலகுவதைக் காட்டினார். நடுவில் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் தெரிகிறது. பிறகு அந்த வட்டம் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது. அப்பு பார்த்துக்கொண்டே நிற்கிறான். நாவலில் ஒரு வாக்கியம் செய்த வேலையை இங்கே குளம் செய்துவிடுகிறது. மூங்கில் புதரில் எறிந்திருந்தால் சருகுச் சத்தம் மட்டும் கேட்டிருக்கும். புதர் தானாக மூடிக்கொள்ளாது. ரேக்குத் தேவைப்பட்டது மூடிக்கொள்ளும் ஓர் இடம்.

இதைப் பற்றி இவ்வளவு பேசுவதற்குக் காரணம் உண்டு. இப்போது நான் படங்களுக்கு சப்டைட்டில் எழுதிப் பிழைக்கிறேன். அதற்கு முன்னால் சில வருடம் உதவி இயக்குநராக இருந்தேன். கன்டினியூட்டி எழுதுவது என் பொறுப்பு. எந்த ஷாட்டில் எந்தக் கையில் டம்ளர் இருந்தது, முந்தானை எந்தப் பக்கம் சொருகியிருந்தது, விளக்கில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்று நோட்டில் குறித்துவைக்கும் வேலை. சின்ன விஷயங்களே வாழ்க்கை என்று இருந்த காலம் அது.

அப்போது ஒரு சிறுகதையைப் படமாக எடுத்தோம். எழுத்தாளர் பெயரும் படத்தின் பெயரும் வேண்டாம். படம் பணமில்லாமல் பாதியில் நின்றுபோனது. கதையில் ஒரு பெண் இருக்கிறாள். புருஷன் சீட்டாட்டக்காரன். அவள் கூலிக்காசில் மிச்சம் பிடித்து, நூறு ரூபாய்த் தாள்களைச் சின்னதாக மடித்து, அஞ்சறைப் பெட்டியில் சீரகத்துக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். மகன் பட்டணத்துக்குப் படிக்கக் கிளம்பும்போது அந்தத் தாள்களைத் துணியில் முடிந்து கொடுக்கிறாள். அவன் லாட்ஜ் அறையில் முடிச்சை அவிழ்க்கிறான். தாளிலிருந்து சீரக வாசம் வருகிறது. அம்மா இத்தனை வருடமாக எங்கே ஒளித்துவைத்தாள் என்று அவனுக்குப் புரிகிறது. அதோடு கதை முடிகிறது. கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு நான் அழுதிருக்கிறேன்.

டிஸ்கஷனில் நாங்கள் எல்லோரும் முட்டிக்கொண்டது இந்த இடத்தில்தான். திரையில் வாசம் வராது. பையன் தாளை மூக்கருகே கொண்டுபோகட்டும் என்றார் ஒருவர். கொண்டுபோனால் என்ன வாசம் என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? “சீரகம்...” என்று அவன் முணுமுணுக்கட்டும் என்றார் இன்னொருவர். அறையில் தனியாக இருக்கும் ஒருவன் யாருக்காகப் பேசுவான்? அம்மா அஞ்சறைப் பெட்டியைத் திறக்கும் காட்சியை ஃப்ளாஷ்பேக்காக வெட்டிப் போடலாம் என்று ஒரு யோசனை. அதைக் கேட்டதும் இயக்குநர் முகம் கோணிவிட்டது. பையன் கண்டுபிடிக்க வேண்டியதை நாம் முந்திக்கொண்டு காட்டிக்கொடுத்தால் அப்புறம் அந்தக் காட்சி எதற்கு?

கடைசியில் கலை இயக்குநரிடம் வேலை பார்த்த ஓர் அண்ணன், மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், “அஞ்சறைப் பெட்டில சீரகம் மட்டுமா இருக்கு? மஞ்சத்தூளும்தான இருக்கு” என்றார். அவ்வளவுதான். தாளின் ஓரமெல்லாம் மஞ்சள். பையன் முடிச்சை அவிழ்க்கிறான், மஞ்சள் படிந்த தாள்கள், அவன் விரல் நுனியிலும் மஞ்சள் ஒட்டுகிறது. வசனம் வேண்டாம், ஃப்ளாஷ்பேக் வேண்டாம்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஷூட்டிங். ஒருநாள் எழுத்தாளர் வந்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மானிட்டருக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, சீரகத்தை மஞ்சளாக்கிட்டீங்களாமே” என்றார். நான் காரணத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அது சரி. ஆனா மஞ்சள்ல கைய விட்டா விரல்ல கறை நிக்குமே. புருஷன்காரன் பாக்க மாட்டானா? சீரகத்துல அந்தத் தொந்தரவு இல்லைன்னுதான் நான் சீரகம்னு எழுதுனேன்” என்றார்.

எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது. கதையில் சீரகம் இருந்தது வாசனைக்காக மட்டும் இல்லை, திருட்டுத்தனம் வெளியே தெரியாமல் இருப்பதற்காகவும்தான். ஒரே பொருள் இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வேலையை மஞ்சளிடம் கொடுத்துவிட்டோம், இன்னொரு வேலை அந்தரத்தில் நின்றது. இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவர் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தார். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். வழி சொன்னது எழுத்தாளர்தான். “வெள்ளிக்கிழமை ஒளிச்சு வைக்கட்டும். தாலிக்கு மஞ்சள் பூசுற அன்னைக்கு பொம்பளை கையில மஞ்சள் இருந்தா எவன் கேக்கப் போறான்?”

அப்படித்தான் அந்தப் பெண்ணின் வெள்ளிக்கிழமை பிறந்தது. கதையில் கிழமையே கிடையாது. வெள்ளிக்கிழமை என்றதும் வாசலில் கோலம் கொஞ்சம் பெரிதானது, அவள் தலைக்குக் குளித்தவளானாள், முதுகில் ஈரத் துண்டு வந்தது, விளக்கு துலக்கி வைக்கப்பட்டது. புருஷனுக்காகத் தாலிக்கு மஞ்சள் பூசுகிற அதே கையால் புருஷனுக்குத் தெரியாமல் பணத்தை ஒளிக்கிறாள் என்று ஒரு புதுக் கனமும் வந்து சேர்ந்தது. அதை நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. என் நோட்டில் அந்தக் காட்சிக்கு மட்டும் எத்தனையோ குறிப்புகள்: எந்தத் தாளின் எந்த மூலையில் கறை, வலது கையில் எந்த விரல் வரை மஞ்சள், அடுத்த ஷாட்டில் அது எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும். ஒன்றை மாற்றினால் பின்னாலேயே பத்து வந்து நிற்கும் என்பது கன்டினியூட்டி எழுதியவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. படத்தில் ஏதாவது மாறியிருந்தால், மூலக்கதையில் அந்தப் பொருள் என்ன வேலை பார்த்தது என்று முதலில் பார்ப்பேன். அந்த வேலையைப் புதுப் பொருள் பார்க்கிறதா என்று அப்புறம் பார்ப்பேன். பார்த்தால் எனக்குப் புகார் இல்லை.

‘முள்ளும் மலரும்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உமா சந்திரன் எழுதி, கல்கியின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு வாங்கிய நாவல். மகேந்திரன் 1978இல் படமாக்கினார். நாவலில் காளியின் கை புலியால் போகிறது. படத்தில் லாரி ஏறிப் போகிறது. புலியை வைத்துப் படமெடுப்பது செலவு, ஆபத்து, நன்றாக வராவிட்டால் தியேட்டரில் சிரித்துவிடுவார்கள் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் அதோடு நிற்கவில்லை என்று நினைக்கிறேன். புலி கடித்தால் அது விதி. காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு நேரக்கூடியது, அதில் அவன் குணத்துக்குச் சம்பந்தமில்லை. புலியோடு போராடினான் என்றால் ஒரு வீரமும் வந்து ஒட்டிக்கொள்ளும். படத்தில் காளி எஞ்சினியரால் சஸ்பெண்ட் ஆகிறான். அந்த ரோஷத்தில் குடிக்கிறான். குடித்துவிட்டு ரோட்டில் விழுந்து கிடக்கிறான். லாரி ஏறுகிறது. அவன் கோபம்தான் அவன் கையை எடுத்துக்கொண்டது. அதற்கப்புறம் தங்கை வள்ளியை யாருக்குக் கட்டிக்கொடுப்பது என்பதில் அவன் பிடிக்கும் பிடிவாதமெல்லாம், கை போனதற்கு, அவளைக் கட்டிக்கொள்ள நினைக்கும் அந்த எஞ்சினியரிடம் கணக்குத் தீர்ப்பது மாதிரி ஆகிவிடுகிறது. வெளியேயிருந்து வந்த விபத்தை மகேந்திரன் காளிக்கு உள்ளேயிருந்து வரவைத்துவிட்டார். ரஜினிகாந்த் அந்த ஒற்றைக் கையோடு வீட்டுக்கு வந்து நிற்கும்போது, பார்க்கிற நமக்கு அவன்மேல் இரக்கமும் வருகிறது, “உனக்கு வேணும்டா” என்று சொல்லவும் தோன்றுகிறது. புலி கடித்திருந்தால் இரண்டாவது தோன்றியிருக்காது.

சில மாற்றங்களுக்கு இவ்வளவு ஆழமெல்லாம் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்டீபன் கிங்கின் ‘தி ஷைனிங்’ நாவலில் பேய் இருக்கும் அறையின் எண் 217. ஸ்டான்லி குப்ரிக்கின் 1980 படத்தில் 237. ஓட்டலின் வெளித்தோற்றத்தைப் படம்பிடித்த டிம்பர்லைன் லாட்ஜ்காரர்கள், நிஜமாகவே தங்களிடம் 217 இருக்கிறது, படம் வந்தால் அதில் யாரும் தங்க மாட்டார்கள், இல்லாத எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டதாகச் சொல்லப்படுகிறது. அந்த எண்ணுக்குள் ரகசியம் இருக்கிறது என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அதே படத்தில், நாவலில் உயிர்பெற்று நகரும் செடி மிருகங்களுக்குப் பதிலாகச் செடிகளால் ஆன புதிர்ப்பாதை வந்தது. செடியை நம்பும்படி நகரவைக்க அன்றைய தொழில்நுட்பத்தில் வழியில்லை. ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ கதையில் 1900இல் எல். ஃபிராங்க் பாம் எழுதியது வெள்ளிக் காலணி. 1939இல் படம் டெக்னிகலரில் வந்தபோது அது மாணிக்கச் சிவப்பானது. கலருக்கென்று அவ்வளவு செலவழித்துவிட்டு மஞ்சள் செங்கல் பாதையில் வெள்ளியையா நடக்கவிடுவார்கள்? இன்றைக்கு அந்தச் சிவப்புக் காலணியைத் தெரிந்த உலகத்துக்கு வெள்ளிக் காலணியைத் தெரியாது.

ஹாரி பாட்டரின் கண் விஷயம் இன்னும் சுவாரசியமானது. புத்தகத்தில் அவன் கண் பச்சை, அவன் அம்மாவின் கண்ணைப் போலவே. நடித்த டேனியல் ராட்கிளிஃபின் கண் நீலம். பச்சை லென்ஸ் போட்டுப் பார்த்தார்கள், கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டார்கள். ஒரு சிறுவனின் கண்ணை வருத்தி எடுக்க வேண்டிய காட்சி எதுவும் உலகத்தில் இல்லை. அந்த முடிவு நூற்றுக்கு நூறு சரி. அம்மா மாதிரியே கண் என்பதுதான் கதைக்கு முக்கியம், நிறம் எதுவாக இருந்தால் என்ன? ஆனால் கடைசிப் படத்தில் சிறுவயது அம்மாவாக வரும் குழந்தையின் கண் பழுப்பு. இங்கேதான் ரசிகர்கள் கொதித்தார்கள், நானும் அவர்கள் கட்சிதான். பச்சை போனது பரவாயில்லை. ‘மாதிரியே’ போகக்கூடாது. ஸ்னேப் என்ற ஆசிரியர் அந்த அம்மாமேல் வாழ்நாள் முழுக்கச் சுமந்த காதலுக்கு அந்த ஒற்றுமைதான் சாட்சியாக இருக்கிறது.

எனக்குக் கோபம் வருகிற மாற்றங்கள் வேறு வகை. கதையில் கறுப்பாக இருக்கிற பெண் திரைக்கு வரும்போது, வெளுத்த நடிகை மேல் மை பூசிக்கொண்டு வருவது. கரிசல் காட்டுப் பேச்சில் எழுதப்பட்ட கதையில் எல்லோரும் சென்னை டப்பிங் ஸ்டூடியோ கிராமத்துப் பேச்சைப் பேசுவது. கதையில் தப்பு செய்துவிட்டுத் தப்பாகவே நிற்கிற ஆளுக்கு, பெரிய நடிகர் நடிக்கிறார் என்பதற்காக ஒரு நியாயம் கண்டுபிடித்துக் கொடுப்பது. கதையில் கைநீட்டி அடித்தவன் படத்தில் கையை ஓங்கி நிறுத்திக்கொள்வான். கேட்டால் இதுவும் சின்ன மாற்றம்தான் என்பார்கள். ஷூட்டிங் முடிந்து எடிட்டிங்கில் இந்த மாதிரி வெட்டு விழுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கதைக்கு என்ன வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பார்க்கிறவர்கள்மேல் பழியைப் போடுகிறார்கள். பார்க்கிறவர்களை இவ்வளவு மட்டமாக நினைக்க இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? காளியைக் குடிகாரனாக, முரடனாக, தங்கையின் மனதைப் புரிந்துகொள்ளாதவனாக ஏற்றுக்கொண்ட அதே ஜனங்கள்தானே நாம்.

சின்ன மாற்றம் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு ஜெயகாந்தனைவிட நல்ல சாட்சி கிடையாது. 1966இல் ஆனந்த விகடனில் ‘அக்கினிப் பிரவேசம்’ வருகிறது. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண், பெரிய கார், அதில் வந்தவன் கொடுக்கும் சூயிங்கம். நடந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா விஷயத்தை வெளியே விடாமல் அடக்கி, மகள் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தமிழ்நாடே சண்டை போட்டுக்கொண்ட கதை. பிறகு ஜெயகாந்தனே ஒரு கேள்வியைப் போட்டுக்கொண்டார்: அந்த அம்மா அடக்காமல் கூச்சல் போட்டிருந்தால்? அந்த ஓர் இடத்தை மட்டும் மாற்றினார். கூச்சலை அக்கம்பக்கம் கேட்கிறது, அண்ணன் கேட்கிறான், பெண் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டியதாகிறது. ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற முழு நாவலும் அதிலிருந்துதான் வளர்ந்தது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது. பழைய சிறுகதை அந்த நாவலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் எழுதிய கதையாக உட்கார்ந்திருக்கிறது, நாவலில் கங்கா என்று பெயர் பெற்ற அந்தப் பெண் அதைப் படிக்கிறாள். பீம்சிங் இயக்கிய படத்துக்குத் திரைக்கதை வசனமும் ஜெயகாந்தன்தான். லட்சுமி கங்காவாக நடித்துத் தேசிய விருது வாங்கினார். அந்த எழுத்தாளராக நாகேஷ்.

ஒரு தாய் குரலை உயர்த்தினாளா, அடக்கினாளா. எடுத்துச் சொன்னால் அரைப் பக்கத்து வித்தியாசம். அந்த அரைப் பக்கம் ஒரு பெண்ணின் பன்னிரண்டு வருடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மூலக்கதையைத் தொடவே கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த உதாரணம்தான் ஞாபகம் வரும். எழுதியவரே தன் கதையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார், தொட்டபோது என்ன ஆகும் என்பதைக் கடைசி வரை பின்தொடர்ந்து போய்ப் பார்த்திருக்கிறார். பின்தொடர்ந்து போகத் தெம்பில்லாதவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

ரேயிடமே திரும்புகிறேன். அவர் செய்த எல்லா மாற்றத்தையும் நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று நினைத்துவிடக் கூடாது. தாகூரின் ‘நஷ்டநீட்’ நெடுங்கதையை 1964இல் ‘சாருலதா’வாக எடுத்தார். கதையில் சாரு, கணவன் பூபதிக்குத் தெரியாமல், இங்கிலாந்துக்குப் போய்விட்ட, பூபதிக்குத் தம்பி முறையான அமலுக்கு ஒரு தந்தி கொடுக்கிறாள். பதிலுக்கும் சேர்த்துப் பணம் கட்டிய தந்தி. அதற்காகத் தன் நகையைக் கொடுத்துப் பணம் புரட்டுகிறாள். பதில் தந்தி பூபதியின் கையில் கிடைத்துவிடுகிறது. மனைவி யாருக்காக ஏங்குகிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் வெளிச்சமாகிறது. படத்தில் இந்தத் தந்தி இல்லை. அமலிடமிருந்து கடிதம் வருகிறது, பூபதி வெளியே போன நேரத்தில் சாரு உடைந்து அழுகிறாள், திரும்பி வந்த பூபதி அதைப் பார்த்துவிடுகிறான்.

கதையிலிருந்து விலகிப்போனார் என்று விமர்சனம் வந்தபோது ரே வங்காளத்தில் ‘பரிசய்’ இதழில் நீளமாகப் பதில் எழுதினார், காட்சி காட்சியாக. அவர் தரப்பு எனக்குப் புரிகிறது. தந்தி போய்ப் பதில் வந்து சேருவதற்குக் கதைக்குள் நாட்கள் வேண்டும், ரகசியமாகப் பணம் புரட்டும் காட்சி வேண்டும், தபால்காரர் வேண்டும். படம் அந்த இடத்தில் ஏற்கனவே உச்சத்துக்கு வந்துவிட்டது. அங்கே ரேக்குத் தேவை ஒரே ஓர் அறை, ஒரே ஓர் அழுகை. மாதவி முகர்ஜி அதை அழுத விதத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

ஆனாலும் அந்தத் தந்தி எனக்கு வேண்டும். அழுகை அவளை மீறி வந்தது, பூபதி பார்த்தது தற்செயல். தந்தி அப்படி இல்லை. அந்தக் காலத்தில், அந்த மாதிரிப் பெரிய வீட்டில், வாசலைத் தாண்டாத ஒரு பெண் தன் நகையைக் கொடுத்து, தானே முடிவெடுத்து, கடல் தாண்டி ஒரு கேள்வியை அனுப்புகிறாள், பதிலுக்கும் தானே பணம் கட்டுகிறாள். கதையில் சாரு துணிந்து செய்கிற ஒரே காரியம் அது. அதை எடுத்துவிட்டு அழுகையை வைத்தபோது, பூபதிக்கு உண்மை தெரியவர வேண்டும் என்ற வேலை கச்சிதமாக முடிந்துவிட்டது. சாரு எப்படிப்பட்டவள் என்று நமக்குத் தெரியவர வேண்டிய இன்னொரு வேலையும் அந்தத் தந்திக்கு இருந்தது. படத்தின் முதல் காட்சியில் அவள் தூரக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவில் போகிறவர்களைப் பார்க்கிறாளே, அது கதையில் இல்லாதது, ரேயே சேர்த்தது. அவ்வளவு துடிப்பான பெண்ணை முதல் காட்சியிலேயே உண்டாக்கியவர், கடைசியில் அவள் கையில் ஒரு தந்திப் படிவத்தைக் கொடுத்திருக்கலாம்.